அப்புத்தளையில் பருவத்து மரக்கறி: ஒரு லயத்து அடுப்படியிலிருந்து

2010 பங்குனியில் செட்டிகுளம் மெனிக்பாம் முகாமிலிருந்து வெளியே வந்தோம். வவுனியாவிலிருந்து கண்டிக்குப் பேருந்து, கண்டியிலிருந்து ரயில். அப்புத்தளையில் இறங்கியபோது கையில் ஆறு வயது மகனும் ஓர் உரப்பையும் மட்டும். நிலையத்துக்கு வெளியே வீதியோரம் ஒரு லொறியில் கரட் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கழுவிய கரட், மூட்டை மூட்டையாக. மகன் நின்று பார்த்துவிட்டு, "அம்மா, இது என்ன?" என்று கேட்டான். வன்னியில் இடம்பெயர்ந்து திரிந்த மாதங்களிலும் பிறகு முகாமிலும் அவன் கண்டதெல்லாம் அரிசி, கோதுமை மா, பருப்பு. கரட்டை அவன் மறந்துபோயிருந்தான். மூட்டை தூக்கிய ஒருவர் கீழே விழுந்திருந்த உடைந்த துண்டொன்றைச் சாரத்தில் துடைத்து அவன் கையில் கொடுத்தார்.

மரக்கறி நிறைந்த ஊருக்கு வந்துவிட்டோம் என்று நினைத்தேன். அன்று இரவு அத்தை வீட்டில் ரொட்டியும் சம்பலும் சாயத் தேத்தண்ணியும். மறுநாள் காலையும் அதுவேதான். லயத்து இஸ்தோப்பில் நின்று பார்த்தால் எதிர்ச் சரிவில் கோவாப் பாத்தி தெரிந்தது. கேட்டேன். "அதெல்லாம் கொழும்புக்குப் போறது புள்ள" என்றார் அத்தை.

என் அப்பாவும் அம்மாவும் இந்த மலையில் பிறந்தவர்கள். 1977 ஆகஸ்ட் வன்செயலுக்குப் பிறகு பல தோட்டக் குடும்பங்களைப் போல வவுனியாப் பக்கம் இறங்கி, அங்கிருந்து கிளிநொச்சி தர்மபுரத்துக்குப் போனவர்கள். நான் பிறந்தது அங்கே. முருங்கை, கத்தரி, வெண்டி, பயிற்றை, பூசணி என்று வெயில் மரக்கறியில் வளர்ந்தவள். அத்தையை 2003 இல், சமாதான காலத்தில், ஒரு கல்யாணத்துக்கு வந்தபோது ஒரே ஒருமுறை பார்த்திருந்தேன். 2009 வைகாசிக்குப் பிறகு என் கணவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அது வேறு கட்டுரை. இங்கே வந்தபின் ஐந்து வருடம் கொழுந்து பறித்தேன். இப்போது ஒரு தோட்டப் பாடசாலையில் பிள்ளைகளுக்கு மதிய உணவு சமைத்துக் கொடுக்கிறேன். அத்தையிடம் கற்றதையும் அந்தப் பிள்ளைகளின் தட்டில் மிஞ்சுவதைப் பார்த்துக் கற்றதையும் எழுதுகிறேன். வன்னியிலோ யாழ்ப்பாணத்திலோ, பனி கொட்டும் தேசத்திலோ இருக்கும் உங்களுக்கு இது உதவும். மலிந்த காலத்து மரக்கறி, கொஞ்சம் எண்ணெய், கொஞ்சம் விறகு, கொஞ்ச நேரம். எங்கள் சமையல் அவ்வளவுதான்.

மலையின் கணக்கு

அப்புத்தளை ஒரு முதுகெலும்பின் மேல் குந்தியிருக்கும் ஊர். கடல் மட்டத்திலிருந்து 1,400 மீற்றருக்கு மேல். தெற்கே நின்று பார்த்தால் ஹல்துமுல்லையும் கொஸ்லந்தையும் கீழே கிடக்கும், அதற்கப்பால் சமவெளி. வடக்கே பண்டாரவளை, வெலிமடைப் பக்கம். 1893 இல் ரயில் இங்கே வந்தது. அதற்கு முன்பே, 1890 இல், தோமஸ் லிப்டன் தம்பேதன்னையில் தேயிலைத் தொழிற்சாலையைக் கட்டிவிட்டார். சுற்றுலாப் பயணிகள் அதைப் பார்க்கத்தான் வருகிறார்கள். தேயிலைக்கு இடையிலும் கீழேயும் கிடக்கும் மரக்கறிப் பாத்திகளை யாரும் படம் எடுப்பதில்லை.

மழை ஐப்பசியில் தொடங்கித் தை வரை பெய்யும். அந்த மழையில் கீரை அழுகும், தக்காளி வெடிக்கும், பாதை சரியும், சந்தையில் விலை ஏறும். 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களே புதைந்த பிறகு, ஐப்பசி மழை என்றால் எங்களுக்கு மரக்கறிக் கவலையைவிடப் பெரிய கவலைகள் உண்டு. தை பிறந்து வெயில் வந்ததும் கரட், லீக்ஸ், கோவா, பீற்றூட், நோகோல் எல்லாம் ஒன்றாக வந்து குவியும். மாசி, பங்குனி, சித்திரை மலிவுக் காலம். வைகாசி, ஆனியில் மறுபடி ஏறும். ஆடி முதல் புரட்டாதி வரை இன்னொரு மலிவு. பெரும்போகத்தில் நெல் விளைந்த வெலிமடை வயல்களில் சிறுபோகத்தில் உருளைக்கிழங்கு கிண்டுவார்கள். போஞ்சியும் தக்காளியும் அப்போது வரும்.

ஆடி, ஆவணியில் மேற்கிலிருந்து வறண்ட காற்று அடிக்கும். உங்கள் பக்கம் கச்சான் என்பீர்களே, அதே காற்றுத்தான். ஊவாத் தேயிலைக்கு உலகப் பெயர் வாங்கிக்கொடுத்த வாசனை அந்தக் காற்றில்தான் ஏறுகிறது என்பார்கள். வாசனை ஏறும்போது கொழுந்து குறையும். கொழுந்து குறைந்தால் பேர் குறையும், சம்பளம் குறையும். அதாவது மரக்கறி மலிகிற அதே மாதங்களில் அதை வாங்கக் காசு இருக்காது. மரக்கறியும் இங்கே நிற்பதில்லை. கெப்பெட்டிபொல பொருளாதார மத்திய நிலையத்துக்கும் தம்புள்ளைக்கும் போய், அங்கே விலை பேசப்பட்டு, ஒரு பகுதி திரும்பவும் இந்த மலைக்கே ஏறி வரும்.

ரொட்டிக்குப் பின்னால் ஒரு வரலாறும் இருக்கிறது. 1973, 74 இல் தோட்டங்களில் பஞ்சம் வந்து ஆட்கள் செத்த காலத்தை அத்தை இன்னும் சொல்வார். அரிசிப் பங்கீடு சுருங்கிய அந்த வருடங்களில் மா கிடைத்தால் பெரிய காரியம். வயிற்றை நிரப்பி, மலைக்கு எடுத்துப்போக வசதியாக, மத்தியானம் வரை தாங்கக்கூடியது ரொட்டி. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் 2016 ஆம் ஆண்டின் நாடளாவிய மக்கள்தொகை, சுகாதார ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாட்டில் நூற்றுக்கு 17 பேர், தோட்டப்புறத்தில் நூற்றுக்கு 32 பேர். எங்கள் பாடசாலையில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் பார்த்தால் அந்தக் கணக்கு கண்ணுக்கே தெரியும்.

அடுப்படி

முதல் மாதம் நான் வைத்த பருப்பு வேகவே இல்லை. கிளிநொச்சியில் வைத்த அதே பருப்பு, அதே அளவு தண்ணீர். கடைக்காரர் பழைய பருப்பைத் தந்துவிட்டார் என்று கோபப்பட்டேன். அத்தை சிரித்தார். "மல மேல தண்ணி சீக்கிரம் கொதிக்கும், சோறு மெதுவா வேகும் புள்ள." பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கும் ஆசிரியர் பிறகு விளக்கினார். 300 மீற்றர் ஏறினால் நீர் கொதிக்கும் வெப்பம் ஏறத்தாழ 1 பாகை குறையும். கடலோரத்தில் 100 பாகையில் கொதிப்பது இங்கே சுமார் 95 இல் கொதிக்கும். குமிழி வருகிறதே என்று நம்பினால் பருப்பு கல்லாக நிற்கும்.

அதனால் பருப்பையோ கடலையையோ காலையில் மலைக்குப் போகும்போதே ஊறப் போட்டுவிட வேண்டும். வேகும்போது மூடி போட வேண்டும். முக்கியமாக, புளியோ தக்காளியோ தேசிக்காயோ முதலில் போடக் கூடாது. புளிப்புப் பட்டால் பருப்பும் காயும் இறுகி நிற்கும். வெந்த பிறகுதான் புளிப்பு. இது மலைக்கு மட்டும் உள்ள விதியல்ல, உங்கள் ஊருக்கும் பொருந்தும். மலையில் தவறினால் உடனே தெரிந்துவிடும், அவ்வளவுதான்.

விறகு எங்களுக்குக் கவ்வாத்து மிலார்தான். தேயிலையை வெட்டிவிடும்போது கிடைக்கும் குச்சிகள். சுள்ளென்று எரிந்து சட்டென்று அடங்கும். 2022 இல் காஸுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாடே வரிசையில் நின்றபோது எங்கள் லயத்தில் அடுப்பு வழக்கம்போல எரிந்தது. நெருப்பு சீக்கிரம் அடங்குவதால் கறியும் சீக்கிரம் முடிய வேண்டும். பிள்ளைகளுக்கும் பசி, ஐந்து மணிக்கு மலையிலிருந்து வருகிறவளுக்கும் பசி. ஆகவே மரக்கறியை மெல்லிதாக அரிவது, வேகக் கடினமானதை முதலில் போடுவது, கொதி வந்ததும் தணலில் மூடி விடுவது. இவைதான் அத்தையின் வித்தைகள்.

தேங்காய் எங்களுக்குத் தொலைவிலிருந்து வருவது. 2025 இல் ஒன்று 200 ரூபாயைத் தாண்டியது. அரைத் தேங்காயில் ஒரு நாளை ஓட்ட வேண்டும். முதற்பாலைக் கால் கோப்பை மட்டும் பிழிந்து தனியே வைப்பேன். இரண்டாம் பாலில் கறி வேகும், இறக்கும்போது முதற்பால். இலை வகைக்குத் தேங்காய்ப்பூவுக்குப் பதிலாக வறுத்து இடித்த கச்சான் போடுவேன். (காற்றுக்கும் கடலைக்கும் ஒரே பெயர் வைத்த ஆட்கள் நாங்கள். இது நிலக்கடலை.) மொனராகலைப் பக்கத்தில் விளைகிறது, விலை தாங்கும், பிள்ளைகளுக்குச் சத்தும் கூட.

நாலு பேருக்கு

பிள்ளைகள் தட்டை வழித்துச் சாப்பிடுவது லீக்ஸ் பருப்பு. மைசூர்ப் பருப்பு 100 கிராம், நடுத்தர லீக்ஸ் இரண்டு. ஊறிய பருப்பை இரண்டு கோப்பைத் தண்ணீரில், கால் தேக்கரண்டி மஞ்சள், கீறிய பச்சை மிளகாய் இரண்டு, தட்டிய உள்ளி இரண்டு பல் சேர்த்து மூடி வேகவிடுங்கள். பருப்பு மலர்ந்ததும் லீக்ஸின் பச்சைப் பகுதியை மெல்லிதாக அரிந்து போடுங்கள். மூன்று நிமிடம் கழித்து வெள்ளைப் பகுதி. பச்சைதான் கடினம், அதனால் அது முந்தி. பலர் பச்சையை வெட்டி எறிகிறார்கள், வாசம் அதில்தான் இருக்கிறது. உப்புப் போட்டு இறக்கி, இரண்டு தேக்கரண்டி எண்ணெயில் கடுகு, பெருஞ்சீரகம், செத்தல் மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டுங்கள். தேங்காய்ப்பால் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குறை தெரியாது. லீக்ஸ் கழுவுவதைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், கடைசியில் சொல்கிறேன்.

போஞ்சி ஆவணியில் கொடியில் தொங்கும். விரலால் ஒடித்தால் டக்கென்று முறிய வேண்டும், வளைந்தால் முற்றல். கால் கிலோவைச் சரிவாக நீளமாக அரிந்து, ஒரு கோப்பை இரண்டாம் பால், அரிந்த வெங்காயம், பச்சை மிளகாய் மூன்று, வெந்தயம் அரைத் தேக்கரண்டி, மஞ்சள், உப்பு சேர்த்து மூடாமல் வேகவிடுங்கள். மூடினால் பச்சை நிறம் மங்கிப் பழுப்பாகும். பத்துப் பன்னிரண்டு நிமிடம் போதும். முதற்பால் ஊற்றி ஒரு கொதி வந்ததும் இறக்கி, அதன் பிறகு தேசிக்காய் சில துளி. என் அம்மா பயிற்றங்காயை இப்படித்தான் வைப்பார். தர்மபுரத்துக் கறியை மலைக் காயில் வைத்தபோது அத்தை இரண்டாம் தடவை சோறு கேட்டார். அதுவரை அவர் வீட்டில் போஞ்சி என்றால் மிளகாய்த்தூள் போட்ட பிரட்டல்தான்.

இலை விடயத்தில் ஆசிரியர் அத்தைதான். பீற்றூட் வாங்கினால் தலையில் இருக்கும் இலையைக் கடையில் முறித்துப் போட்டுவிட்டு வருகிறோம். அத்தை அந்த முறித்துப்போட்ட இலையைக் கேட்டு வாங்கி வருவார், காசு கொடுக்காமல். முள்ளங்கி இலை, நோகோல் இலை, பூசணிக் கொழுந்து, கோவாவின் வெளி இலை எல்லாம் அவருக்குக் கறி. இலையைக் கழுவி, நீர் வடித்து, கட்டாகச் சுருட்டி, முடிந்தவரை நூல்போல அரிய வேண்டும். அரிவதில்தான் ருசி இருக்கிறது. சட்டியில் சின்ன வெங்காயம் ஐந்தாறு, பச்சை மிளகாய், மூன்று மேசைக்கரண்டி தேங்காய்ப்பூ அல்லது இடித்த கச்சான், மஞ்சள், உப்பு போட்டுக் கையால் பிசிறிச் சூடேற்றி, இலையைப் போட்டு மூன்று நான்கு நிமிடம் கிளறினால் போதும். எண்ணெய் வேண்டாம். இறக்கித் தேசிக்காய் பிழியுங்கள். முள்ளங்கி இலை கசக்கும், சொரசொரக்கும். அதை அரிந்ததும் உப்புத் தூவிப் பத்து நிமிடம் வைத்துப் பிழிந்துவிடுங்கள். யாழ்ப்பாணத்தில் இதை வறை என்பீர்கள், இங்கே சிலர் சுண்டல் என்கிறார்கள், சிங்கள அயலவர்கள் மெல்லும் என்கிறார்கள். பெயரைப் பற்றிச் சண்டை வந்து நான் பார்த்ததில்லை.

தேசிக்காய் புளிப்புக்கு மட்டுமல்ல. இலையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்தை உடல் எடுத்துக்கொள்ள உயிர்ச்சத்து சி உதவும். தேத்தண்ணி அதற்கு நேர்மாறு. சாப்பிட்ட கையோடு சாயம் குடித்தால் இரும்பை அது பிடித்து வைத்துக்கொள்ளும். தேயிலை மலையில் இதைச் சொல்வது கடினமான காரியம். கர்ப்பிணிகளுக்கு இரத்தம் குறைவு என்று மருத்துவமாது ஒவ்வொரு மாதமும் எழுதிக்கொண்டு போவார், சோற்றுத் தட்டைக் கழுவும் முன்பே கேத்தல் அடுப்பில் ஏறும். தேத்தண்ணியை விடச் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள் என்று சொன்னதில் இரண்டு மூன்று வீடுகள் கேட்டன. அத்தை கேட்கவில்லை.

கரட்டை வேக வைக்கவே தேவையில்லை. துருவி, வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு, தேசிக்காய், ஒரு பிடி தேங்காய்ப்பூ சேர்த்தால் சம்பல். தேங்காய்ப்பூவைக் கொஞ்சமாவது போடுங்கள், கரட்டின் உயிர்ச்சத்து ஏயை உடல் ஏற்கக் கொழுப்பு வேண்டும். பிள்ளைகளுக்குப் பச்சை மிளகாய் இல்லாமல் செய்வேன். என் மகனுக்கு இப்போதும் இதுதான் பிடித்த கறி, இருபது வயதைத் தாண்டிவிட்டான்.

சௌசௌ லயத்தின் கோடியில் கூரை ஏறிப் படரும் கொடி. யாரும் கவனிக்காமலே காய்க்கும், அதனால் அதற்கு மதிப்பில்லை. பருப்போடு கூட்டாக வைப்பது எல்லோருக்கும் தெரியும். தோலை எறியாதீர்கள். நன்றாகக் கழுவி, கொஞ்சம் எண்ணெயில் உளுந்து ஒரு மேசைக்கரண்டி, செத்தல் மிளகாய் மூன்று வறுத்து எடுத்து, அதே எண்ணெயில் தோலைச் சுருள வதக்கி, நெல்லிக்காயளவு புளி, உப்போடு அம்மியில் அரைத்தால் துவையல். இது அப்பாயி காலத்தில் திருச்சிப் பக்கமிருந்து வந்த கைப்பழக்கம் என்று அத்தை சொல்வார். கடல் தாண்டி வந்தவர்கள் தோலைக்கூட எறியவில்லை.

ரொட்டியை மாற்ற முடியாது என்று கண்டதும் ரொட்டிக்குள் மரக்கறியைப் போட்டேன். அரைக் கிலோ மாவுக்கு அரைத் தேங்காயின் பூ, துருவிய கரட் ஒன்று, லீக்ஸ் பச்சை ஒரு பிடி, கோவா வெளி இலை இரண்டு நூலாக அரிந்தது, பச்சை மிளகாய், உப்பு. மரக்கறியே நீர் விடும், அதனால் இளஞ்சூட்டுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பிசைந்து இருபது நிமிடம் மூடி வையுங்கள். வழக்கத்தைவிட மெல்லிதாகத் தட்ட வேண்டும், தடித்தால் நடுவில் வேகாது. முதல் நாள் பாடசாலையில் பிள்ளைகள் பச்சையைப் பிடுங்கி ஓரத்தில் வைத்தார்கள். இன்னும் நூலாக அரிந்தேன். மூன்றாம் நாள் பிடுங்க ஒன்றும் அகப்படவில்லை.

தக்காளி மலிந்தால் கிலோக்கணக்கில் கொட்டிக் கிடக்கும், பறிகூலிக்கும் கட்டாமல் கொடியிலேயே விடுவார்கள். அப்போது ஐந்து கிலோ வாங்கி, அரிந்து, உப்பும் மிளகாய்த்தூளும் போட்டுச் சிறு தீயில் நீர் வற்றக் கிண்டி, நல்லெண்ணெயில் தாளித்துப் போத்தலில் அடைப்பேன். உலர்ந்த கரண்டி மட்டும் உள்ளே போனால் இந்தக் குளிரில் சில வாரம் நிற்கும். உங்கள் வெயிலுக்குக் குளிர்சாதனப் பெட்டி வேண்டும்.

மருந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த மலையில் கோவாவுக்கும் போஞ்சிக்கும் தக்காளிக்கும் மருந்து அடிப்பார்கள். அறுவடைக்கு எத்தனை நாள் முன் நிறுத்த வேண்டும் என்று போத்தலில் எழுதியிருக்கும், விலை ஏறிய வாரத்தில் அதை எல்லோரும் வாசிப்பதில்லை. தெரிந்தவரிடம் வாங்கினால் கடைசியாக எப்போது அடித்தது என்று கேளுங்கள், எனக்கு யாரும் கோபித்ததில்லை. தெரியாத இடத்துக் கோவாவில் வெளி இலையைக் கழற்றிவிடுங்கள். எறியாதே என்று சொன்னவளே எறியச் சொல்கிறாளே என்று நினைப்பீர்கள். இலை எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது அது. எதுவானாலும் அரியும் முன் ஓடும் நீரில் கையால் தேய்த்துக் கழுவ வேண்டும்.

ஒரு துண்டு நிலம்

நம்பி உண்ணும் இலை என்றால் சொந்தப் பாத்தியில் பறித்ததுதான். லயத்துக்குப் பின்னால், பீலித் தண்ணீர் ஓடும் இடத்தில், கட்டிலளவில் நாலு பாத்தி எங்களுக்கு இருந்தது. மாட்டெருவும் சாம்பலும் அடுப்படிக் கழிவும் போட்டு மூன்று வருடம் பண்படுத்தினோம். அந்த மண்ணைக் கையில் எடுத்தால் பிட்டு மா போல உதிரும். 2016 இல் ஒரு நாள் காலையில், அந்த இடம் தோட்டத்துக்குத் தேவைப்படுகிறது, கொடிகளை எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எழுத்தில் ஒன்றும் இல்லை, எங்களிடமும் இல்லை. எங்கள் ஆட்கள் ஐந்து தலைமுறையாக இந்த மலையில் இருந்தும், போஞ்சிக் கொம்பு ஊன்ற ஒருவருடைய வாய் அனுமதி வேண்டும். 7 பேர்ச் காணியும் வீடும் என்று 2015 இல் தொடங்கிய திட்டத்தில் சில லயத்தாருக்குக் கிடைத்தது. எங்கள் வரிசைக்கு இன்னும் வரவில்லை.

நிலத்தை இழந்தது எனக்குப் புதிதல்ல. ஆனால் தர்மபுரத்துக் காணியை விட்டு ஓடியபோது செல் விழுந்துகொண்டிருந்தது, அழ நேரமில்லை. இந்த நாலு பாத்திக்கு உட்கார்ந்து அழுதேன். அத்தை மண்ணை உரப்பைகளில் அள்ளத் தொடங்கினார். பதினாறு பை. அவற்றை இஸ்தோப்பின் ஓரமாக வரிசையாக வைத்தோம். இன்றைக்கும் எங்கள் லீக்ஸும் கொத்தமல்லியும் பீற்றூட்டும் அந்தப் பைகளில்தான். பையில் பீற்றூட் கிழங்கு எலுமிச்சை அளவுதான் தேறும், இலை குறைவில்லாமல் வரும். 2021 இல் இரசாயன உரத்தைத் திடீரென்று நிறுத்தி வெலிமடைப் பக்கத்து விவசாயிகள் வீதிக்கு இறங்கியபோது எங்கள் பைகளுக்கு ஒன்றும் நேரவில்லை. பதினாறு பையை வைத்து நாட்டுக்குப் பாடம் சொல்ல முடியாது, அவர்களுடைய நஷ்டம் நிஜம். மாட்டெரு லொறிக்கணக்கில் எங்கே கிடைக்கும்?

பை வைக்க நினைப்பவர்களுக்கு: அடியில் நாலைந்து துளை, ஒரு சாண் உயரத்துக்குக் காய்ந்த இலை, மேலே இரண்டு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு மக்கிய எரு. பச்சை எரு வேரைச் சுடும். லீக்ஸுக்குத் தண்டு வெள்ளையாக நீள வேண்டுமானால் வளர வளர அடியில் மண் அணைத்துக்கொண்டே போக வேண்டும். அடுக்கடுக்காக மண் உள்ளே போவது அதனால்தான்.

கிளிநொச்சியில் மீளக் குடியேறிய என் அக்கா தெரிந்தவர்கள் வரும்போதெல்லாம் முருங்கைக்காய் கொடுத்தனுப்புவாள். முருங்கை இந்தக் குளிரில் சரியாக வராது, அத்தைக்கு அது தீபாவளி. பதிலுக்கு நான் லீக்ஸ் கட்டி அனுப்புவேன். போன மாதம் இரவில் தொலைபேசியில் ஏசினாள். "என்னடி, கறியெல்லாம் நறநறவெண்டு மண். பிள்ளையள் துப்பிப் போட்டினம்." முழுத் தண்டைக் கழுவிவிட்டு அரிந்திருக்கிறாள். அப்படிக் கழுவினால் வெளி மண்தான் போகும். வேர்ப் பக்கம் நாலு விரல் விட்டு, அங்கிருந்து நுனி வரை நீளவாக்கில் ஒரு கீறு, திருப்பி இன்னொரு கீறு. வேரை மேலே பிடித்து, இலைகளைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, புத்தகத் தாளை விரிப்பதுபோல ஒவ்வொரு அடுக்காக விரலால் பிரித்துத் தண்ணீரில் அலச வேண்டும். தண்ணீர் தெளிவாக இறங்கும்வரை. பிறகுதான் வேரை வெட்டி அரிய வேண்டும்.